தட்டில் வைத்த ஒப்பந்தம்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

படித்தது தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அதையும் நான் முடித்ததாக வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைப் பெண்களை ஏற்றி இறக்கும் இரவல் வேனில் தொடங்கினேன். வேனில் ஏறுகிறவர்களெல்லாம், "அண்ணே, பிள்ளையப் பார்த்துக்க நல்ல ஆளா ஒன்னு சொல்லுங்களேன்" என்பார்கள். அது எல்லா டிரைவர் காதிலும்தான் விழுந்தது. தொழிலாக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு மட்டும். இன்று புக்கிட் பெருவாங்கில் கடைவீட்டு மாடியில் நீங்கள் குளிரூட்டியை இருபதில் வைத்துக்கொண்டு ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த அலுவலகம் அப்படி வந்தது. மஸ்ஜித் தானாவிலிருந்து ஜாசின் வரைக்கும் பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்றால் நம் பெயர்ப்பலகையைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பலகையை மாட்டியதும் நான்தான். ஏணியைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

வங்கிக்காரர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பிசினஸா?" என்று கேட்டார். என் மைத்துனர் கல்யாண வீடுகளில், "மச்சான் ஆயாக் கொட்டகை நடத்துறாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகும் இடம் ஆயாக் கொட்டகை. ஆம்பிளைக்கு ஏற்ற தொழில் இல்லையாம். அவருக்குப் பேரன் பிறந்து ஆள் கேட்டு வந்தபோது நானும் மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்கார வைத்தேன். தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னேன், தேத்தண்ணி வேண்டாம் என்று.

இப்போது நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எல்லாரிடமும் டிப்ளோமா இருக்கிறது, மகிழ்ச்சி. உங்கள் மேலாளர் எனக்குப் போன் செய்து, பயிற்சிக் கையேட்டுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் ஐயா, பாஸிட்டிவாக இருக்கட்டும் என்றார். கையேட்டையும் அனுப்பிவைத்தார். படித்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. சோதனைக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அதன் அடியில் ஒரு நன்றி இருக்கிறது. அந்த நன்றியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். கோபத்தோடு ஆரம்பித்தால் எழுத்து கோணலாக வரும்.

ஆளை எப்படித் தேடுவது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்பதெல்லாம் உங்கள் கணினிக்குத் தெரியும். சோதனைக் காலம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. மஸ்ஜித் தானாவில் ஓர் அம்மா, ஆள் வைத்த நாளிலிருந்து அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை என்ன செய்யும்? அம்மா வாசம் அடிக்கிறது, அழுதது. "இவங்ககிட்ட பிள்ளை ஒட்டவே மாட்டேங்குது அங்கிள்" என்று புகார். நான் போய், "கடைக்குப் போய் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டு வாம்மா" என்றேன். அவள் போய்த் திரும்புவதற்குள் பிள்ளை அந்த ஆளின் தோளில் தூங்கிவிட்டது. அம்மா வீட்டில் இருந்தால் நடப்பது அம்மாவுக்கான சோதனை. இதைப் புரியவைக்க எனக்குப் பிஸ்கட் போதும், உங்களுக்கு இரண்டு நாள் பட்டறை தேவைப்படுகிறது.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஷாமினி வீட்டில் நடந்தது.

ஷாமினி டுரியான் துங்கால் பக்கம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவள் கணவன் திவாகர் தொழிற்சாலையில் என்ஜினியர். புக்கிட் பெருவாங்கில் வீடு. லயா என்று பத்து மாதப் பெண் குழந்தை. நான் அனுப்பிய ஆள் புஷ்பா. டுரியான் துங்காலுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் வாசம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். கணவர் மணியம் தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். தினம் காலையில் மணியம்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவார்.

முதல் நாள் என் மேஜைக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஷாமினி இணையத்திலிருந்து ஓர் ஒப்பந்தத்தை இறக்கி, பைண்ட் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். எந்தக் குளிர் நாட்டிலோ யாரோ எழுதியது. படித்த பிள்ளை, ஒரு வரிகூட விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில், வாசலில் கொட்டும் பனியை யார் அள்ள வேண்டும் என்று ஒரு விதி வந்தது.

புஷ்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். "பனி கொட்டுனா நான் வேலைக்கு வரணுமா வேணாமா அண்ணே?"

"கொட்டட்டும், அப்ப பேசிக்கலாம்" என்றேன்.

அந்தப் புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு தாளை எடுத்தேன். எப்போது வருவது, எப்போது போவது, எது வேலை, எது வேலை இல்லை, எந்த நாள் அவருடைய நாள், வேண்டாம் என்றால் யார் யாரிடம் எப்படிச் சொல்வது. இவ்வளவுதான் ஒப்பந்தம். மற்றதெல்லாம் பைண்டிங். பிள்ளை வேலை மட்டும், சனி ஞாயிறு கிடையாது, ஒரு மாதம் சோதனை, மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்றால் கையெழுத்து. எல்லாரும் தலையாட்டினார்கள். ஊர் வழக்கமே அப்போது அப்படித்தான், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

முதல் வாரம் ஷாமினி எனக்குத் தினம் ஒரு படம் அனுப்பினாள். லயா சிரிக்கிறாள், லயா சாப்பிடுகிறாள், லயா புஷ்பாக்கா மடியில். மூன்று விதமான இதயப் படங்கள்.  இந்தத் தொழிலில் புகாரைவிடப் பாராட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இரண்டாம் வாரம் லயாவுக்குக் காதுகுத்து வந்தது. நாள் முன்னாலேயே குறித்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் அவர்தான் கொண்டுவர வேண்டும். ஷாமினிக்கு உடன்பிறந்தவன் இல்லை. முறைக்கு உட்கார இருந்த பெரியப்பா மகன், ஏதோ ஒரு வாய்ச்சண்டையில் கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டான். திவாகரின் அம்மாவோ மடி இல்லாமல் காது குத்தவிடமாட்டேன் என்றுவிட்டார். அந்த அம்மா வழக்கம் என்று வந்தால் அர்ச்சகரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவர்.

இந்த நேரத்தில் மணியம் வாசலில் மோட்டாரை நிறுத்தினார். நெற்றியில் திருநீறு, நல்ல உயரம், கை கட்டிப் பேசும் மரியாதை. திவாகரின் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க என்ன முறை ஆகணும்?" என்று விசாரித்தாராம். அரை மணி நேரத்தில் முறை கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு முறை கண்டுபிடிக்கவா தெரியாது.

கோயிலில் நானும் இருந்தேன். மணியம் புது வேட்டி கட்டி, தன் கையால் வாங்கிய தோடோடு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளையைவிட அவர் கண்தான் முதலில் கலங்கியது. எல்லாரும் படம் எடுத்தார்கள். ஷாமினி புஷ்பாவைக் கட்டிப் பிடித்து, "இனிமே நீங்க எனக்கு அண்ணி" என்றாள்.

நான் தட்டில் இருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சோதனைக் காலம் அந்த நொடியில் முடிந்துவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

உங்களுக்கு இது புரியாது, நீங்கள் கையேட்டில் வளர்ந்தவர்கள். அக்கா என்பது வாய்மரியாதை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரும் அக்காதான். அக்காவுக்கு வேலை நேரம் உண்டு. அண்ணிக்குக் கிடையாது. அக்காவிடம் சனிக்கிழமை வரச் சொல்ல நாக்குக் கூசும். அண்ணியிடம் ஏன் கூச வேண்டும்? சனிக்கிழமை மாமியார் வீட்டு விருந்து, அண்ணி வந்தால் பிள்ளை நிம்மதியாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தை, அண்ணி கூட வந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். திவாகரின் நண்பர்கள் வந்தார்கள், அண்ணி கை மீன்குழம்பு சாப்பிட்டே ஆக வேண்டும். சாயங்காலம் மணியம் வாசலில் மோட்டாரோடு நிற்பார். "அண்ணே, உள்ள வாங்க, கொஞ்ச நேரம் ஆகும் லா" என்பான் திவாகர். அவரும் உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பெருமையோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதக் கடைசியில் என்னுடைய ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். புஷ்பா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். டீ போடுவது அவர் வேலை இல்லை. அதைச் சொல்லத்தான் தாளை விரித்தேன்.

ஷாமினியின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன அங்கிள் நீங்க. எங்க அண்ணிகிட்ட போய்ப் பேப்பர்ல சைன் வாங்குறதா? அண்ணன் என்ன நினைப்பாரு?"

"பனி அள்ளுறதுக்கே சைன் கேட்ட பிள்ளைதானம்மா நீ" என்றேன்.

"அது அப்ப. இப்ப நாங்க ஃபேமிலி."

திவாகரும் சேர்ந்துகொண்டான். "ஆமா அங்கிள், பார்க்க நல்லா இருக்காது."

புஷ்பா டீ கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மணியத்துக்கு லாரி வேலை. புஷ்பாவை நான்தான் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். டுரியான் துங்கால் தாண்டிச் செம்பனைக்குள் நுழைந்தோம். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டே, "கிளட்ச்ச முழுசா விட்டுட்டீங்க அண்ணே" என்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

அப்போதுதான் சொன்னார். எல் லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். சனிக்கிழமைதோறும் டிரைவிங் வகுப்பு. அதற்காகத்தான் முதல் நாள் என் மேஜை முன்னால் சனிக்கிழமை வேண்டும் என்று கேட்டார். தோட்டத்துக்கு இப்போது பஸ் வருவதில்லை. கடைக்கோ, கிளினிக்குக்கோ, மகளைப் பார்க்கவோ, மணியத்துக்கு நேரம் இருந்தால்தான் நகர முடியும். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மோட்டார் பின்னாலதான் உட்கார்ந்திருக்கேன் அண்ணே. ரோட்டுல முன்னால என்ன வருதுன்னே நான் பார்த்ததில்ல. அவங்க முதுகுதான் தெரியும்."

இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. டெஸ்டுக்குத் தேதி வந்துவிட்டது, வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன். ஷாமினியிடம் அந்த ஒரு நாள் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவளுக்கு மீட்டிங். "அடுத்த தடவை போய்க்கலாமே அண்ணி, டெஸ்டு எங்க ஓடிப்போகுது" என்றிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"அண்ணின்னு கூப்பிடுறப்ப என்னத்த சொல்றது? எனக்கு அந்தப் பிள்ளை வேணும் அண்ணே. என் மேல ஏறி ஏறித் தூங்குது. ஆனா டெஸ்டும் வேணும். எல்லாத்தையும் சரி சரின்னு சொல்லிட்டு, ஒரு நாளைக்கு வராம நின்னுடலாமான்னு இருக்கு."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் பெண்கள் வேலையை விட்டு நிற்பது அப்படித்தான். வேண்டாம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் போன் அடிக்கும், எடுக்கமாட்டார்கள். பிறகு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று செய்தி வரும். முதலாளிகளும் அதே ரகம். போகச் சொல்ல மாட்டார்கள், "நாங்களே கூப்பிடுறோம்" என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உங்கள் கையேட்டைக் கேட்டால் வழி சொல்லும்: வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்பவும், பதில் இல்லையென்றால் ஆளை மாற்றவும். மாற்றியிருக்கலாம். மறுநாளே வேறு வீடு. அப்போது மணியம் மடியில் வைத்த பிள்ளை? அந்தத் தோடு? அந்த மனிதர் லயத்தில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். அதை ஒரு நினைவூட்டல் செய்தியில் முடிக்கவா?

வீட்டில் இறக்கிவிட்டு, மணியம் வரும் வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முகம் இறுகிவிட்டது.

"அதெப்படி அண்ணே. தங்கச்சி வீட்டுல போய் லீவு கேட்குறதா? மடியில வெச்சுக் காது குத்தியிருக்கேன். டெஸ்டுல என்ன இருக்கு, நான்தான் கொண்டுபோய் விடுறேன்ல."

உள்ளே பாத்திரம் ஒன்று கொஞ்சம் பலமாக விழுந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் பெண்ணுரிமை பேசியிருப்பீர்கள். பேசி முடிப்பதற்குள் உங்கள் செருப்பை வெளியே வைத்திருப்பார். நான் வழக்கத்தைப் பேசினேன்.

"மணியம், சீர் செஞ்ச தாய்மாமனுக்கு அந்த வீட்டுக்காரங்க எப்படி மரியாதை செய்வாங்க, உங்க பக்கத்துல?"

"தட்டு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க."

"வந்தாங்களா?"

அவர் மோட்டார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது நின்றது.

"உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னு உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

"நீ அங்க தாய்மாமனா உட்கார்ந்திருக்கியா, பொண்டாட்டி வேலை முடியுற வரைக்கும் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியான்னு யோசிச்சுப் பார்."

கொஞ்சம் கடுமைதான். மருந்து கசக்கும் என்று பாட்டிலில் எழுதி ஒட்டுவதில்லை, குடித்தால் தெரியும். எழுந்து வந்துவிட்டேன். பின்னால் கதவருகே புஷ்பா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது, சிரித்தாரா என்று பார்க்கவில்லை.

அடுத்து நான் ஷாமினியைக் கூப்பிடவில்லை. படித்தவர்களிடம் நியாயம் கேட்டால் அவர்களும் நியாயம் பேசுவார்கள், பொழுது போய்விடும். திவாகரின் அம்மாவைக் கூப்பிட்டேன். சுகம் விசாரித்தேன். மூட்டுவலி எப்படி என்று கேட்டேன். பேத்தி காதுப் புண் ஆறிவிட்டதா என்று கேட்டேன். பிறகு போகிறபோக்கில், "தாய்மாமன் வீட்டுக்குத் தட்டு எடுத்துட்டுப் போனப்ப என்னையும் கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். மறந்துட்டீங்க போல" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றுவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"போகலியா?" என்றார் கடைசியில். "இவ போயிட்டு வந்துட்டான்னுல்ல நான் நினைச்சேன். ஐயோ, அந்தத் தம்பி என்ன நினைக்கும். நாலு பேருக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டைப் பத்தி என்ன பேசுவாங்க அண்ணே."

"நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றேன். அது உண்மை. அதுவரைக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திவாகரின் காடி செம்மண் பாதையில் ஆடி ஆடி வந்து லயத்தின் முன்னால் நின்றது. லயமே வெளியே வந்து பார்த்தது. முதலில் மாமியார் இறங்கினார். பின்னால் ஷாமினி, கையில் பெரிய தட்டு: வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், வேட்டி, சேலை. அவள் இறங்கிய விதத்திலேயே தெரிந்தது, வழியெல்லாம் நல்ல பாட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். திவாகர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிள்ளை புஷ்பாவைக் கண்டதும் பாய்ந்துவிட்டது.

நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். சட்டைப் பையில் தற்செயலாக அந்தத் தாளும் இருந்தது.

மரியாதையெல்லாம் முடிந்தது. மணியம் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷாமினி காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது. கெட்ட பெண் இல்லை அவள். உடன்பிறப்பு இல்லாமல் வளர்ந்த பிள்ளை, கிடைத்ததும் இறுக்கிப் பிடித்துவிட்டது. அவள் அப்படியே புஷ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க அண்ணி, வீட்டுக்கு வரணும்னே தோணலை எனக்கு" என்றாள்.

நான் தாளை எடுத்து மணியம் கையிலிருந்த தட்டில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். "இதென்ன அண்ணே?"

"பொண்ணு குடுக்குறதுன்னாலும் என்னைக்கு, எப்ப, யார் யாருன்னு சபையில சொல்லித்தானே குடுக்குறோம்மா. தாய்மாமன் தன் வீட்டுப் பொம்பளைய தினம் உங்க வீட்டுக்கு அனுப்புறாரு. எப்ப போகணும், எப்ப திரும்பணும்னு இல்லாம அனுப்புவாங்களா? அனுப்புனா அவருக்கு மரியாதையா, கேட்காம இருந்தா உங்களுக்கு மரியாதையா?"

அந்த அம்மா தாளை எடுத்து ஒரு முறை படித்தார். பிறகு மருமகளிடம், "பேனா இருக்கா?" என்றார். எந்தச் சட்டத்துக்கும் வளையாத வீடு தட்டுக்கு வளைந்தது. முறைக்குள் போய் மாட்டிக்கொண்டதை முறையை வைத்துத்தான் எடுக்க முடியும் என்பது நாலாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை, உங்கள் டிப்ளோமாவிலும் இல்லை.

ஷாமினி பேனாவை எடுத்தாள். அப்போது புஷ்பா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க" என்றார்.

எல்லாரும் நின்றோம். நானும்தான். இது என் திட்டத்தில் இல்லை.

"ஒரு மாசம் பார்ப்போம்னு சொன்னீங்க. நானும் சரின்னேன். ஆனா பேசுன வேலைய நான் இன்னும் பார்க்கவே இல்லியே. பார்த்ததெல்லாம் அண்ணி வேலை. அந்த ஒரு மாசம் நீங்க என்னைப் பார்த்தீங்க. இப்ப இன்னொரு மாசம், இந்தப் பேப்பர்ல இருக்குற மாதிரி. நான் உங்களைப் பார்க்கிறேன். பிடிச்சா இருக்கேன். பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லிட்டுத்தான் போவேன், போனை எடுக்காம இருக்க மாட்டேன். அப்பவும் நான் இவளுக்கு அத்தைதான்."

திவாகர் மெல்லக் கேட்டான்: "நீங்க எங்களை ஃபெயில் ஆக்கிட்டீங்கன்னா?"

"பாஸாகப் பாருங்க லா" என்றார் புஷ்பா.

மணியம்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரே, கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதன்கிழமை டெஸ்டு இருக்கு. அன்னிக்கு புஷ்பா வராது" என்றார், என்னவோ லைசென்ஸ் எடுக்கச் சொன்னதே தான்தான் என்கிற மாதிரி. ஷாமினி தன் போனை எடுத்து மீட்டிங்கை மாற்றினாள். மாற்ற முடியாத மீட்டிங் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

அந்தப் புதன்கிழமை புஷ்பா ஃபெயில். மேட்டில் காடி பின்னால் நழுவிவிட்டது. இரண்டு சனிக்கிழமை வகுப்பு போனதன் பலன். ஷாமினி அன்று சாயங்காலம் தன் காடிச் சாவியைக் கொடுத்து, புக்கிட் பெருவாங் மேட்டிலேயே ஏற்றி இறக்கிப் பழகச் சொன்னாள். அடுத்த தடவை பாஸ். இரண்டாம் மாதம் முடிந்து, கையெழுத்தும் ஆகி, லயா தடிக்கா என்கிற பாலர் பள்ளிக்குப் போகும் வரைக்கும் புஷ்பா அங்கேயே இருந்தார். சனிக்கிழமை ஒரு நாளும் கூப்பிடவில்லை. காதுகுத்து, கல்யாணம் என்றால் மட்டும் தட்டோடு போய்க் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் அலுவலகத்தில் இரண்டு விதி வைத்தேன். சோதனை மாதத்துக்கே முதலில் தாள், அந்த மாதம் தாளில் உள்ள வேலைதான் நடக்க வேண்டும். அந்தத் தாளையும் வேலைக்கு வருகிறவர் வீட்டுக்கே போய், தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது விதி, மாதக் கடைசியில் முதலில் பேசுவது வேலைக்கு வந்தவர். வீட்டுக்காரர்கள் பிறகு. சீனக் குடும்பங்கள்கூட ஆரஞ்சுப் பழம் வைத்துத் தட்டோடு போய் வந்தார்கள், யாருக்கும் குறைந்துபோகவில்லை. ஆனால் ஒரு மாதம் நடப்பதற்குள் உறவு வைக்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். அக்கா, அம்மா, ஆன்ட்டி, எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். மடியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

இப்போது அந்த நன்றிக்கு வருவோம்.

உங்கள் கையேட்டில் "இருவழிச் சோதனைக் காலம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, "ஒப்பந்தத்தை வரவேற்புத் தட்டில் வைத்து வழங்கும் புதுமையான அணுகுமுறை" என்று எழுதி, அதன் அடியில் கோலாலம்பூர் ஆலோசகர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். அவர் அந்தப் புதுமையை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? நம் அலுவலகப் பழைய ஆட்களிடம் விசாரித்து, படம் வரைந்து, நமக்கே திருப்பிக் காட்டினார். அதற்கு நீங்கள் கை தட்டினீர்கள். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் பட்டறை வைத்த ஹோட்டலில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாகக் கேள்வி, அதற்கு நன்றி சொல்லுங்கள்.

தட்டு என் யோசனை. இரண்டாவது மாதம் புஷ்பாவின் யோசனை. இரண்டையும் அப்படியே, பெயர் போட்டு அச்சடிக்க வேண்டும். சிலை கேட்கவில்லை, ஒரு வரி கேட்கிறேன். ஆனால் அந்த வரி இல்லாமல் கையேடு வந்தால், நான் ஏணி வைத்து மாட்டிய பலகையை அதே ஏணியை வைத்துக் கழற்றத் தெரிந்தவன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயர் முதலில் வருவது என்று கேட்க நேற்று புஷ்பாவுக்குப் போன் செய்தேன். "உங்க பேரையே முதல்ல போட்டுக்குங்க அண்ணே. நான் காடி ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆகவே அதில் தகராறு இல்லை. என் பெயர் முதலில். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.